வெள்ளிப் பாலாடை

அன்று கோவிலில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். அங்கே இல்லாதவர்கள்தான் இப்போது அதிகம் பேசுகிறார்கள்.

குடும்பத்துக்கு மூத்தவனான நான், ஈஸ்வரமூர்த்தி. என் மனைவி சாமியாத்தாள். என் தங்கை ரங்காத்தாள். காலமாகிவிட்ட என் தம்பியின் மகன் சுரேந்தர், அவன் மனைவி ஜனனி, அவர்களின் குழந்தை ரித்தீஷ். ஜனனியின் அண்ணன் வேலுமணி. மொட்டை அடிக்க வந்த சுப்பையன். பிறகு பூசாரி. அவ்வளவுதான். வேறு யாராவது 'என் கண்ணால் பார்த்தேன்' என்று சொன்னால், அவர்கள் பார்த்தது வேறு கோவில்.

ரித்தீஷைப் பற்றி இந்தத் தொடரில் போன வாரங்களில் படித்தவர்களுக்குத் தெரியும். பிறக்கும்போதே அவனுடைய இரண்டு கிட்னியும் வளராமல் இருந்தன. வயிற்றில் ஒரு குழாய். ராத்திரி முழுவதும் அதில் மெஷினைப் பொருத்தி ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். மூக்கில் இன்னொரு குழாய். பால் அதன் வழியாகத்தான் போகும். வாயருகே ஸ்பூனைக் கொண்டுபோனாலே முதுகை வில்லாக வளைத்து, ஓங்கரித்து, உள்ளே போனதையும் சேர்த்து வெளியே தள்ளிவிடுவான். எடை ஏறினால்தான் வேறொருவர் கிட்னியை அவனுக்கு வைக்க முடியும் என்று அவனைப் பார்க்கிற கோயமுத்தூர் டாக்டரம்மா சொல்லியிருந்தார். சாப்பிட்டால்தான் எடை. அவனோ உதட்டைத் திறப்பதில்லை.

ஜனனி கல்யாணத்துக்கு முன்னால் பெருமாநல்லூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் குவாலிட்டி பார்த்தவள். ஒரு பனியனில் தையல் விலகியிருந்தால் லாட் முழுவதையும் நிறுத்திவிடுவாளாம். அந்தக் கண்தான் இப்போது எங்கள் குழந்தையைக் காக்கிறது. வேலம்பாளையத்தில் எங்கள் வீடும் நிட்டிங் ஷெட்டும் ஒரே காம்பவுண்டில் இருக்கின்றன. எங்கே பார்த்தாலும் பஞ்சு பறக்கும். அவள் ஆபீஸ் அறையைக் காலி செய்யச் சொன்னாள். சுவரைக் கழுவினாள். ஜன்னலை அடைத்தாள். அந்த அறைக்குள் இன்றுவரை ஒரு பஞ்சு இழை நுழைந்ததில்லை.

நான் போய் உட்கார்ந்தால் எழுந்து நிற்கிறவர்கள் இந்தப் பக்கத்தில் பல ஊர்களில் இருக்கிறார்கள். ஆனால் அந்த அறை வாசலில், "மாமா, கை கழுவீட்டீங்களா?" என்று அவள் கேட்டால் நான் திரும்பிப் போய்க் கழுவிக்கொண்டு வருகிறேன். அதில் எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

முதல் முடியைக் குலதெய்வத்துக்குத்தான் இறக்க வேண்டும். அதுவும் தாய்மாமன் மடியில். எங்கள் வீட்டில் எந்தக் குழந்தைக்கும் இது தவறியதில்லை. டாக்டரம்மாவிடம் கேட்டோம். மொட்டை அடிக்கலாம், காது குத்துவதைத் தள்ளிப் போடுங்கள், தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, வயிற்றுக் குழாய் நனையவே கூடாது என்றார்.

முந்தின நாள் ஜனனி எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னாள். "பஞ்சாமிர்தம் வேண்டாங்க. வாழைப்பழம் ஆகவே ஆகாது. பொங்கல், சக்கரை, தேங்காச் சில்லு எதையும் வாயில வெக்காதீங்க. ஆசைக்கு நாக்குல தொட்டு வெக்கறதும் வேண்டாம்."

"சாமி பிரசாதம் கூடவா?" என்றாள் ரங்காத்தாள்.

"சாமிக்கிட்ட நான் சொல்லிக்கறேனுங்கத்தை."

வேலுமணி தலையை ஆட்டினான். அவனுக்கு உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பு. பெற்றவர்கள் போன பிறகு தங்கையைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவன். அவள் சொன்னதில் ஒரு வார்த்தையையும் அவன் மீற மாட்டான். மீறவும் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மூலனூர்ப் பக்கத்தில், முருங்கைக் காடுகளுக்கு நடுவே இருக்கிறது எங்கள் அம்மன் கோவில். காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. வேலுமணி தன் காரில் வந்து இறங்கினான். புது வேட்டி, புதுச் சட்டை. சீர்த்தட்டில் பட்டுத்துணி, சந்தனம், பூ, பழம். நடுவில் ஒரு வெள்ளிப் பாலாடை. குழந்தைக்குச் சாய்த்துப் புகட்டுவதற்கான மூக்கு வைத்தது. கார் டிக்கியில் இளநீர்க் குலை ஒன்று.

ஜனனி பாலாடையைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"வாயில ஒன்னும் குடிக்காத பையனுக்கு எதுக்குங்ண்ணா இது?"

"குடிப்பான் அம்மணி. குடிக்காமயே இருந்துருவானா? அன்னைக்கு நான் ஓடவா முடியும் கடைக்கு?"

வேலுமணி சம்மணமிட்டு உட்கார்ந்தான். ரித்தீஷை மடியில் வைத்தோம். மூக்குக் குழாயை ஜனனி கன்னத்தோடு பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தாள். சுப்பையன் முடியை ஈரத்துணியால் நனைத்தபோது அழுவான் என்று எல்லோரும் தயாராக நின்றோம். அவன் அழவில்லை. தலையை அண்ணாந்து மாமனுடைய மீசையையே பார்த்தான்.

"மீசையைப் புடிக்கப் பாக்குறானுங்க," என்றான் சுப்பையன்.

"புடிக்கட்டும். நீ கத்தியைப் பாரு," என்றான் வேலுமணி.

பால் கொடுக்கும் நேரம் ஆகிவிட்டது. காருக்குள் இருந்தால் தூசி வராது என்று ஜனனி சிரிஞ்சில் பால் எடுக்கப் போனாள். சுரேந்தர் அவளுக்கு உதவியாகக் கூடப் போனான். நான் கோவிலுக்குள் பூசாரியிடம் குழந்தையின் பெயரும் நட்சத்திரமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெளியே ரங்காத்தாள் கத்தினாள். "அண்ணா! ஓடியாங்! புள்ளை குடிக்குது! வாயில குடிக்குது!"

ஓடினேன். நான் ஓடிப் பல வருஷமாகிறது.

பாலாடை வேலுமணியின் கையில் இருந்தது. அதன் மூக்கு ரித்தீஷின் உதட்டில். குழந்தையின் தொண்டை அசைந்தது. மறுபடியும் அசைந்தது. ஓங்கரிக்கவில்லை. தள்ளவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, எல்லாப் பிள்ளைகளும் குடிக்கிற மாதிரி குடித்தான். சாமியாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் கண்ணில் நீர் வந்தது. வெயில் அப்படி.

ஜனனி சிரிஞ்சோடு ஓடி வந்தாள். குழந்தையைப் பார்த்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அவன் பிறந்த பிறகு அதுதான் முதல் தடவை.

"குடிக்கிறானா? அண்ணா, நெசமா குடிக்கிறானா?" குனிந்து அவன் கன்னத்தைத் தொட்டாள். பிறகு, "பாலாடையில என்னதுங்ண்ணா?"

"தண்ணிதான் அம்மணி. நம்ம தோப்பு இளநி. வெயிலு காந்துது, உதடு காஞ்சு கெடந்துச்சு. ஒன்னுக்குப் போக சிரமப்படற புள்ளை, குளுகுளுன்னு நல்லதுதானேன்னு…"

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போன வேகத்தை நான் என்னவென்று எழுதுவது?

எங்கள் பக்கத்தில் இளநீரை யாரும் தின்பண்டக் கணக்கில் சேர்ப்பதில்லை. நீர்க்கடுப்பு என்றால் இளநீர். காய்ச்சல் என்றால் இளநீர். ஆஸ்பத்திரிக்கு ஆளைப் பார்க்கப் போனாலும் கையில் இளநீர். பழம் கூடாது, பொங்கல் கூடாது என்று அவள் சொன்ன அத்தனையையும் வேலுமணி காத்தான். இது அவனுக்கு வைத்தியம்.

ஜனனி பாலாடையை வாங்கினாள். ரித்தீஷ் இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தான். ஒரு மடக்குக் குடிக்க மாட்டானா என்று அவள் இத்தனை மாதம் காத்துக்கிடந்த வாய் அது. திறந்த அந்த வாயிலிருந்து அவளே எடுக்க வேண்டியிருந்தது. அவன் வீறிட்டு அழுதான்.

"எவ்வளவு உள்ள போச்சு?"

"ஒரு பாலாடை… ரெண்டாவதுலயும் பாதி. என்ன அம்மணி, தப்பா?"

"இளநில பொட்டாசியம்னு ஒரு உப்பு இருக்குதுங்ண்ணா. நம்ம கிட்னி அதை வெளிய தள்ளிரும். இவனுக்குத் தள்ள வழியில்லை. ரத்தத்துல ஏறுனா நெஞ்சு நின்னுரும்."

குரலை அவள் உயர்த்தவே இல்லை. சொல்லிக்கொண்டே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள்.

ரங்காத்தாள் உயர்த்தினாள். "மாமங்காரன் சீரு கொண்டாந்தானா, எமனைக் கூட்டியாந்தானா? ஒத்தைப் புள்ளையைக் கொன்னு போடத்தான் புது வேட்டி கட்டிட்டு வந்தியா?"

வேலுமணி குழந்தையைத் தங்கையிடம் நீட்டினான்.

"ரங்கா," என்றேன். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதற்குள் ஜனனியே சொல்லிவிட்டாள். "அத்தை, திட்டறதுன்னாப் பொறகு திட்டிக்கோங்க. இப்ப வழியை உடுங்க."

குழந்தையைத் தூக்கினாள். அப்போதுதான் எல்லோரும் அவன் தலையைப் பார்த்தோம். வலது பக்கம் வழவழவென்று மொட்டை. இடது பக்கம் சுருட்டை முடி.

"பாதில எந்திரிக்கக் கூடாதுங்க," என்றார் பூசாரி மெதுவாக. "அம்மனுக்கு ஆகாதுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மீதியை அவளுக்குக் கடன் சொல்லிட்டுப் போறேன்," என்றேன். "எங்க குடும்பம் அவளுக்கு எதையும் பாக்கி வெச்சதில்லை. நடங்க."

வேலுமணி ஒதுங்கி நின்றான். நான் அவன் தோளைப் பிடித்து எங்கள் காரில் ஏற்றினேன். அவன் காரைச் சுப்பையன் ஓட்ட, பெண்கள் இருவரும் சீர்த்தட்டோடு பின்னால் வந்தார்கள்.

கோயமுத்தூருக்கு நேராகப் போகவில்லை. வழியில் தாராபுரத்தில் முதலில் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்று ஜனனி சொன்னாள். டாக்டரம்மா போனில் சொன்னது அதுதான். சுரேந்தர் ஓட்டினான். பின்சீட்டில் அவள் குழந்தையின் நெஞ்சில் இரண்டு விரலை வைத்தபடியே வந்தாள்.

"ஜனனி, ஏதாச்சும் பேசு," என்றான் சுரேந்தர்.

"ரோட்டைப் பாருங்க. நான் இங்க துடிப்பைப் பாத்துட்டு வர்றேன்."

தாராபுரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கிருந்த இளம் டாக்டர் மூக்குக் குழாயையும் வயிற்றுக் குழாயையும் பாதி மொட்டையையும் பார்த்து மிரண்டுவிட்டார். "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கம்மா. இங்க வசதி இல்லை."

"போறோங்க சார். ஈ.சி.ஜி. மட்டும் எடுங்க. எடுக்காமப் போய் வழியில நின்னுட்டா, ரோட்டு மேல நான் என்ன பண்ணுவேன்?"

எடுத்தார். அவள் அதைப் போட்டோ பிடித்து அனுப்பினாள். பதில் உடனே வந்தது. கோடுகள் கொஞ்சம் உயர்ந்திருக்கின்றன, நெஞ்சைக் காக்க ஒரு ஊசி போட்டுவிட்டுக் கிளம்புங்கள் என்றார் டாக்டரம்மா. ஜனனி போனை அந்த டாக்டரிடம் நீட்டினாள். அவர் பேசினார், கேட்டார், மெதுவாக ஊசி போட்டார். போட்டு முடிக்கும்வரை ஜனனி குழந்தையின் கையை அசையாமல் பிடித்துக்கொண்டாள். அந்த டாக்டருக்கும் இந்த இடத்தில் என் வணக்கத்தைச் சொல்லிக்கொள்கிறேன்.

காரில் திரும்ப ஏறும்போதுதான் கவனித்தேன். அவள் காலில் செருப்பு இல்லை. கோவிலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

கோயமுத்தூரில் எல்லாம் தயாராக இருந்தது. ரத்தம் எடுத்தார்கள். வயிற்றுக் குழாயில் திரவத்தை விட்டு எடுத்து, விட்டு எடுத்துக்கொண்டே இருந்தார்கள். நானும் சுரேந்தரும் வராந்தாவில் நின்றோம். உட்காரத் தோன்றவில்லை. சாயங்காலம் டாக்டரம்மா வெளியே வந்தார்.

"ஏறித்தான் இருந்துச்சு. இப்ப இறங்குது. நேரத்துக்குக் கொண்டு வந்துட்டீங்க. அந்த அம்மா ஒரு அரை மணி நேரம் அழுதுட்டு நின்னிருந்தா நான் இப்படிப் பேசிட்டு இருக்க மாட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஒண்ணு சொல்லுங்க. வாயிலயா குடிச்சான்? ஓங்கரிக்கவே இல்லையா? யார் மடியில?"

வேலுமணியைத் தேடினேன். கார் நிறுத்தும் இடத்தில், சுவரோரமாகக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். அவன் காரும் வந்து சேர்ந்திருந்தது. சீர்த்தட்டு அவன் பக்கத்தில்.

"நான் ஊருக்குப் போறனுங்க மாமா. என்ற மூஞ்சியை அம்மணி பாக்க வேண்டாம். இந்தச் சீரையும் எடுத்துட்டுப் போயிர்றேன். அந்தப் பாலாடையைக் கெணத்துல போட்டாத்தான் எனக்குச் சோறு எறங்கும்."

"எங்க ஊட்டுக்கு வந்த சீரை எடுத்துட்டுப் போக நீ யாரு?" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"குடுத்தது நீ. வாங்குனது நான். இப்ப அது எங்க குடும்பத்துப் பாத்திரம். கெணத்துல போடறதுன்னா நான் சொல்லோணும்."

அவன் அழத் தொடங்கினான். ஆண்பிள்ளை அழுவதைப் பார்க்கக் கூடாது என்று நான் வாசல் பக்கம் திரும்பினேன். அங்கே ஜனனி, வெறுங்காலோடு, நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணா. கை கழுவிட்டு உள்ள வாங்க."

"வேண்டாம் அம்மணி."

"உங்க மேல கோவம் இருக்குதுங்ண்ணா. நெறைய இருக்குது. அதை நாளைக்குப் பாத்துக்கலாம். ஆனா எங்கிட்டத் தொறக்காத வாயை அவன் உங்ககிட்டத் தொறந்தான். அது எனக்கு வேணும். சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் கழுவோணும்."

வெள்ளிப் பாலாடையைக் கொதிக்கவைத்துக் கொடுத்தார்கள். டாக்டரம்மா சொன்ன பாலை, சொன்ன அளவுக்கு, ஜனனியே ஊற்றினாள். வேலுமணி கட்டிலில் சம்மணமிட்டான். பாதித் தலையோடு ரித்தீஷ் மடியில் சாய்ந்தான். மீசையைப் பார்த்தான். பாலாடை உதட்டைத் தொட்டது.

வாயை மூடிக்கொண்டான்.

"அவசரப்படுத்தாதீங்க, அப்படியே வெச்சிருங்க," என்றார் டாக்டரம்மா.

வேலுமணி பயத்தில் என்ன செய்வது என்று தெரியாமல், மாட்டை ஓட்டுகிறபோது கொடுக்கிற சத்தத்தை நாக்கில் கொடுத்தான். "டுர்ர்… டுர்ர்…"

குழந்தை சிரித்தது. சிரித்த வாயில் கொஞ்சம் பால் போயிற்று. விழுங்கினான். இன்னொரு மடக்கு. இன்னொன்று. பிறகு எல்லாவற்றையும் மாமனின் புதுச் சட்டையில் கக்கினான்.

"பரவால்லை, பரவால்லை," என்று ஜனனி சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "விழுங்குனான்ல? அது போதும். மாமா, நீங்க பாத்தீங்கல்ல?"

"பார்த்தேன்," என்றேன்.

ரிப்பேரான மெஷினுக்கு முன்னால் நிற்கிற என்ஜினியர்களைப் பார்த்திருக்கிறேன். கப்பல் கிளம்புவதற்கு முந்தின நாள் சரக்கு ரிஜெக்ட் ஆகியும் கலங்காத முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பெண்ணுக்கு நிகராக ஒருவரை நான் பார்த்ததில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் முகத்துக்கு நேராகச் சொல்கிற வழக்கம் இல்லை. சாமியாத்தாளிடம் சொல்லி, அவளுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கி வரச் செய்தேன்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "தினமும் இப்படியே கொஞ்சம் கொஞ்சமாப் பழக்குங்க. குழாய்ப் பாலும் தொடரட்டும். எடை ஏறினா, யார் கிட்னி கொடுக்கிறதுன்னு பார்க்க ஆரம்பிக்கலாம்."

"என்ற கிட்னியைப் பாருங்க," என்று சுரேந்தர் வாயெடுத்தான். அதற்குள் கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்ற ரத்தமும் புள்ளையோட குரூப்புத்தானுங்க. என்னையும் சோதிச்சுப் பாருங்க."

ரங்காத்தாள். காலையில் எமன் என்று கத்திய அதே வாய். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அந்த ரத்தம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவள் எப்போது, எங்கே போய்ப் பரிசோதித்துக்கொண்டாள்? கேட்டேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அதுக்கு நெறைய விதிமுறை இருக்கு, அடுத்த வாரம் வாங்க, பேசலாம்," என்றார் டாக்டரம்மா. போகிறோம்.

கடைசியாக ஒன்று. பெருமாநல்லூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் இப்படிப் பேசிக்கொண்டார்களாம்: வேலுமணியின் சீரை நான் கோவில் வாசலிலேயே திருப்பி எறிந்தேன், மொட்டை பாதியில் நின்று சாமி குற்றமாகிவிட்டது, இரண்டு குடும்பத்துக்கும் இனிப் போக்குவரத்து கிடையாது.

பொய். மீதி முடியை மறுநாள் காலை, டாக்டரம்மாவின் அனுமதியோடு, ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் சுப்பையன் புது பிளேடு போட்டு இறக்கினான். மடி வேலுமணியின் மடி. முடி துணியில் முடிந்து கோவிலுக்குப் போய்விட்டது. சீர் எங்கள் வீட்டில் இருக்கிறது. வெள்ளிப் பாலாடை இன்று காலையும் அடுப்பில், கொதிக்கிற தண்ணீரில் கிடந்தது. நான் கை கழுவிவிட்டுத்தான் போய்ப் பார்த்தேன்.